இரண்டு அங்குலப் பிடிப்பு

எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் வண்டிகளைப் பார்க்காத வடசென்னைக்காரர் இருக்க முடியாது. ஒரு பக்கம் கடலும் கருங்கல் தடுப்பும், மறுபக்கம் குப்பங்கள். நடுவே துறைமுகத்தின் ஜீரோ கேட்டைப் பார்த்து நகரக் காத்திருக்கும் ட்ரெய்லர்கள். எல்லோர் கண்ணிலும் படுவது மேலே இருக்கும் பெட்டிதான். டென்மார்க், தைவான், கொரியா என்று எங்கெங்கோ இருக்கும் கப்பல் கம்பெனிகளின் பெயர்கள் அதில் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும். நான் சில காலமாகப் பார்க்கப் பழகியிருப்பது வேறோர் இடத்தை. முன்னால் இருக்கும் இழுவை வண்டியும் பின்னால் இருக்கும் நீண்ட சட்டமும் சேரும் இடம் அது.

அங்கே ட்ரெய்லரின் அடியிலிருந்து கீழ்நோக்கி ஓர் உருக்கு முளை நீட்டிக்கொண்டிருக்கும். கிங் பின் என்பார்கள். பெரும்பாலான வண்டிகளில் அதன் கழுத்து இரண்டு அங்குலம். கணக்காகச் சொன்னால் 50.8 மில்லிமீட்டர். பல கண்டெய்னர்களில் முழு லோடோடு சேர்ந்த உச்ச எடை 30,480 கிலோ. அதைச் சுமக்கும் ட்ரெய்லரின் எடை தனி. மாதவரத்திலிருந்தோ மணலியிலிருந்தோ இத்தனை பாரத்தையும் துறைமுகம் வரை இழுத்து வருவது அந்த இரண்டு அங்குலம்தான். அதைத் தாண்டி முன் வண்டிக்கும் பின் வண்டிக்கும் இருக்கும் உறவெல்லாம் சில காற்றுக் குழாய்களும் ஒரு மின்கம்பியும் மட்டுமே.

இழுவை வண்டியின் முதுகில் கிரீஸ் பூசிய ஒரு தட்டு இருக்கும். டர்ன் டேபிள் என்று சொல்வார்கள். அதன் பின்புறம் பிளவுபட்டு, உள்ளே இரும்புத் தாடை வைத்திருக்கும். ஓட்டுநர் வண்டியைப் பின்னால் எடுக்க எடுக்க முளை அந்தப் பிளவுக்குள் நுழையும். தாடை அதன் கழுத்தைக் கவ்விக்கொள்ளும். கவ்வும்போது ‘டக்’கென்று ஒரு சத்தம்.

திருவொற்றியூரைத் தாண்டி ஒரு யார்டில், இருட்டத் தொடங்கிய நேரத்தில், இதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஓட்டுநர் முசிறிப் பக்கத்துக்காரர், ஐம்பதைக் கடந்தவர். கூட ஓர் இளைஞன், கிளீனராகச் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்காது. சத்தம் கேட்டதும் அவன் குரல் கொடுத்தான்: “லாக் ஆயிடுச்சுண்ணே!”

அவர் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கி வந்தார். “சத்தம் கேட்டா போதுமாடா? குனிஞ்சு பாத்தியா?”

அவன் பேசவில்லை. அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சட்டத்துக்கு அடியில் போனார். தட்டுக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் செல்போன் விளக்கைப் பிடித்தார். வெளிச்சம் அந்தப் பக்கம் தெரியக் கூடாது. தெரிந்தால் இரண்டும் ஒட்டி உட்காரவில்லை என்று பொருள். பிறகு பின்பக்கமாகப் போய், தாடை முளையின் கழுத்தைச் சுற்றி மூடியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். தாடையைப் பூட்டும் ஹேண்டில் முழுக்க உள்ளே போயிருக்கிறதா என்று கையால் தள்ளிப் பார்த்தார். ஏர் பைப்புகளை மாட்டினார். மறுபடி ஏறி, ட்ரெய்லரின் பிரேக் பிடித்திருக்கும்போதே முதல் கியரில் முன்னால் ஓர் இழுப்பு. வண்டி முனகியது, நகரவில்லை. இன்னும் ஓர் இழுப்பு. அதற்கப்புறம்தான் ட்ரெய்லரின் முன்கால்களைச் சுற்றித் தூக்கச் சொன்னார்.

ஒவ்வொரு தடவையும் இப்படித்தானா என்று கேட்டேன்.

“வேற எப்படி சார்? முன்னாடி ரோடு தெரியுது. பின்னாடி வர்ற பொட்டி கண்ணாடியில கொஞ்சம் தெரியுது. இந்த எடம் மட்டும் எந்தக் கண்ணாடியிலயும் தெரியாது.”

அவர் சொன்னதில் இந்தத் தொழிலின் பெரிய அபாயம் அடங்கியிருக்கிறது. முளை சட்டென்று ஒடிந்துபோவது அரிது. அதிகம் நடப்பது வேறு. முந்தைய வண்டிக்காரர் ட்ரெய்லரைக் கழற்றிவிட்டுப் போகும்போது அதன் முன்கால்கள் கொஞ்சம் உயரமாக நின்றுவிடும். யார்டின் தரை மேடு பள்ளமாக இருக்கும். அடுத்து வரும் வண்டியின் தட்டு இரண்டு விரற்கடை தாழ்ந்திருக்கும். அப்போது முளை தாடைக்குள் இறங்காமல் அதற்கு மேலாகவே போய் உட்கார்ந்துகொள்ளும். தாடை வெற்றிடத்தைக் கவ்வி மூடும். சத்தம் வரும். ஹேண்டிலும் உள்ளே போனதுபோலத் தெரியும். வண்டி கிளம்பினால் ட்ரெய்லரும் கூடவே வரும். நல்ல சாலையில் சில கிலோமீட்டர் தூரம்கூட ஒரு குறையும் தெரியாது. ஒரு பள்ளத்தில் குலுங்கும்போதோ பிரேக்கை அழுத்தி விடும்போதோதான் இரண்டும் சேரவே இல்லை என்பது தெரியவரும்.

உடைந்துபோனது உடைந்ததாகத் தெரிந்துவிடும்; அதற்கு எச்சரிக்கையாக இருக்கலாம். மாட்டாமலே மாட்டியதுபோல் இருப்பதுதான் ஆளைக் கொல்கிறது. அது ஒட்டி நிற்பது பாரத்தின் அழுத்தத்தாலும் பழக்கத்தின் வேகத்தாலும். வீட்டிலும் அலுவலகத்திலும் இப்படிப்பட்ட சேர்க்கைகளை நாம் பார்க்காமல் இல்லை. ஒரே கூரையின் கீழ் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்கள் முதல் குலுக்கலில் பிரிந்து போகும்போது, ‘திடீரென்று நடந்துவிட்டது’ என்கிறோம். திடீரென்று எதுவும் நடக்கவில்லை. முதல் நாள் கேட்ட சத்தத்தை நம்பிவிட்டோம், குனிந்து பார்க்கவில்லை.

மாட்டிய பிடிப்பும் என்றைக்கும் மாட்டியபடியே இருப்பதில்லை. இரண்டு அங்குல முளையில் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தேய்ந்தாலே மாற்றிவிட வேண்டும் என்பது தயாரிப்பாளர்கள் வைத்திருக்கும் அளவு. அந்தத் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது, அளவுகோல் வைத்துத்தான் பார்க்க வேண்டும். இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு தனிக் கேடும் உண்டு. எண்ணூர்க் காற்றில் உப்பு இருக்கிறது, நிலக்கரித் தூளும் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் இருக்கின்றன. தட்டில் பூசிய கிரீஸ் இவற்றை வாங்கிச் சேர்த்துக்கொள்ளும். பழையதைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய கிரீஸை அப்பினால், தேய்மானத்தைத் தடுக்க வேண்டிய கிரீஸே உப்புத்தாளாக மாறி இரும்பை அராவத் தொடங்கும்.

இவ்வளவு கவனித்தும் ஒருநாள் கழன்றால்?

மழைக்கால இரவொன்றில் எர்ணாவூர் பக்கம் அதைப் பார்க்க நேர்ந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது இழுவை வண்டி கொஞ்சம் தள்ளி முன்னால் நின்றிருந்தது. ட்ரெய்லர் மூக்குக் குப்புற சாலையில் விழுந்து கிடந்தது. தார் கீறிக் கிடந்த தடம் நீளமாக இல்லை. பெட்டியைச் சட்டத்தோடு பூட்டும் ட்விஸ்ட் லாக்கை நாலு மூலையிலும் போட்டிருந்ததால் பெட்டி சாய்ந்தபடி சட்டத்தின் மேலேயே தங்கிவிட்டது. அறுந்த சிவப்பு ஏர் பைப் டர்ன் டேபிளின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. சாலையோரம் கடை போட்டிருந்த அம்மா ஒருவர், “அப்படியே ஒக்காந்துச்சுப்பா, ஒரு அடி நகரல” என்று வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவரது அடுப்புக்கும் அந்த ட்ரெய்லருக்கும் நடுவே இருந்தது சில அடி இடம்தான்.

அது நகராமல் உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த அறுந்த குழாய். ட்ரெய்லரின் அவசரப் பிரேக்கை அந்தக் குழாயில் வரும் காற்று பிடிப்பதில்லை. காற்று அதை விலக்கித்தான் வைத்திருக்கிறது. முன் வண்டியிலிருந்து காற்று வந்துகொண்டிருக்கும் வரை சக்கரம் சுழலும். குழாய் அறுந்து காற்று போனால், யாரும் எதையும் அழுத்தாமலே பிரேக் பிடித்துக்கொள்ளும். உறவு அறுந்ததுதான் நிற்பதற்கான கட்டளை.

இந்த யோசனை ரயிலில் இருந்து வந்தது. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் கிளம்பிய காலத்தில், ரயில்களில் இப்படி ஒரு காற்று பிரேக் வந்திருக்கவில்லை. கைப்பிடியைச் சுற்றிப் பிரேக் போட ஆட்கள் தனியாக இருந்தார்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-ல் காற்று பிரேக்கைக் கொண்டுவந்தார். ஆனால் அதில் காற்றை அனுப்பினால்தான் பிரேக் பிடிக்கும். பெட்டிகள் பிரிந்து குழாய் அறுந்தால் பிரிந்த பெட்டிகளுக்குப் பிரேக்கே இல்லை. அவரே 1872-ல் முறையைத் தலைகீழாக மாற்றினார். காற்று இருந்தால் ஓட்டம், காற்று போனால் நிறுத்தம்.

அதன் பிறகும் பல ரயில் கம்பெனிகள் செலவுக்கு அஞ்சிப் பழைய முறையிலேயே ஓட்டின. 1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தின் ஆர்மா நகரத்திலிருந்து ஞாயிறு பள்ளிக் குழந்தைகளைக் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் கூட்டிப் போன ரயில் ஒரு மேட்டில் ஏற முடியாமல் நின்றது. முன்னால் இருந்த சில பெட்டிகளை மட்டும் முதலில் மேலே கொண்டுபோகலாம் என்று ரயிலை இரண்டாகக் கழற்றினார்கள். கழற்றிய நொடியில் பின்பகுதிக்கு இஞ்சினிலிருந்து கிடைத்த பிரேக் போய்விட்டது. ஒரு கைப்பிரேக்கையும் சக்கரத்துக்கு அடியில் வைத்த கற்களையும் நம்பினார்கள். முன்பகுதி லேசாகப் பின்னால் இடித்ததும் கற்கள் நொறுங்கின. பெட்டிகள் சரிவில் உருண்டு, பின்னால் வந்துகொண்டிருந்த ரயிலில் மோதின. எண்பது பேர் அளவில் இறந்தார்கள், பலர் குழந்தைகள். பிரிந்தால் தானே பிடிக்கும் பிரேக் பயணிகள் ரயில்களில் கட்டாயம் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதே ஆண்டில் சட்டம் போட்டது. அந்த யோசனை அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே உலகத்தில் இருந்தது. வழி தெரியாத காலத்தில் செத்த குழந்தைகள் இல்லை அவர்கள். வழி தெரிந்தும் கம்பெனிகள் செலவு செய்யாததால் செத்தவர்கள்.

சாலையில் ஓடும் ட்ரெய்லரின் கதையில் ஒரு முக்கிய அத்தியாயம் 1914-ல் டெட்ராய்ட்டில் தொடங்குகிறது. மர வியாபாரி ஒருவர் தன் படகை ஏரிக்குக் கொண்டுபோக ஃபோர்டு காரின் பின்னால் மாட்ட ஏதாவது செய்து தரும்படி ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லரிடம் கேட்டார். ஓய்வுப் பயணத்துக்குப் படகை இழுக்கச் செய்த வண்டி, பிறகு மரம் இழுத்தது, உலகத்தின் சரக்கையெல்லாம் இழுத்தது. 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் வந்தபோது ராயபுரத்துக்கும் வந்து சேர்ந்தது. 2001-ல் எண்ணூர்த் துறைமுகமும் பின்னர் காட்டுப்பள்ளியும் வந்தன. வண்டிகள் பெருகின. சாலைகளை அகலப்படுத்தும் எண்ணூர்-மணலித் திட்டம் மட்டும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் இதே பாடத்தை வேறு விதமாக வைத்திருக்கிறார்கள். நடுக்கடலில் ஒரு லாஞ்சின் இஞ்சின் நின்றுவிட்டால் இன்னொரு லாஞ்ச் கயிறு போட்டு இழுத்து வரும். தரையில் முளைக்கும் தாடைக்கும் நடுவே துளி இடைவெளி கூடாது. கடலில் நேர்மாறு. கயிற்றை நீளமாக விட வேண்டும். நடுவில் அது தொய்ந்து தண்ணீருக்குள் இறங்கியிருக்க வேண்டும். அலை தூக்கும்போது வரும் வெட்டை அந்தத் தொய்வுதான் வாங்கிக்கொள்ளும். விறைப்பாகக் கட்டினால் கயிறு அறும், இல்லையென்றால் கட்டிய கட்டை பெயரும். நீளத்தைக்கூட அலையைப் பார்த்து வைப்பார்கள்: முன் படகு அலையில் ஏறும்போது பின் படகும் ஓர் அலையில் ஏறிக்கொண்டிருக்க வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. இழுக்கும் கயிற்றின் நேர்கோட்டில் ஒருவரும் நிற்கக் கூடாது. விறைத்த நைலான் கயிறு அறுந்தால் திரும்பி வந்து அடிக்கும் அடியில் எலும்பு முறியும், உயிரும் போகும். அறாத கயிறாகப் பார்த்துத்தான் கட்டுகிறார்கள். கட்டிவிட்டு, அது அறும் என்று வைத்துக்கொண்டே நிற்கும் இடத்தைத் தேர்கிறார்கள்.

யார்டில் விளக்கைப் பிடித்த ஓட்டுநரும் படகில் ஒதுங்கி நிற்கும் மீனவரும் காற்றுக் குழாயைத் தலைகீழாக்கிய பொறியாளரும் செய்தது ஒரே காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. பிடிப்பின் மேல் அவர்களுக்கு நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையின் விலையைப் பக்கத்தில் போகிறவர் தலையில் கட்ட அவர்களுக்கு மனம் வரவில்லை. கட்டியது எல்லாம் ஒருநாள் அவிழும். அவிழ்ந்தால் அது யார் மேல் போய் விழும் என்று கட்டும்போதே யோசித்திருக்கிறவருக்குத்தான் எதையும் கட்டி இழுக்க உரிமை இருக்கிறது.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஊரைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது. சென்னையின் பெட்ரோல் மணலியில் சுத்திகரிக்கப்படுகிறது. 1970-ல் எண்ணூரில் மின் உற்பத்தி தொடங்கியது முதல் நகரத்தின் விளக்குகள் இந்தப் பக்கத்து நிலக்கரியில் எரிகின்றன. உரம், சரக்கு, கார் ஏற்றுமதி எல்லாம் இந்தக் கரையைத் தொட்டுத்தான் போகின்றன. நகரத்தையும் அதன் வசதியையும் சேர்த்துப் பிடிக்கும் முளை இந்த ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வரிசைதான். நகரம் அடையாறிலும் அண்ணா நகரிலும் நின்று பெட்டியைப் பார்க்கிறது. சட்டத்துக்கு அடியில் குனிந்து பார்ப்பதில்லை.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில், கப்பலில் இருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுபோகும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிய, மூச்சுத் திணற, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கடலுக்கு அடியில் இருந்த அந்தப் பிடிப்பு எந்தக் கண்ணாடியிலும் தெரியாத இடம். அது அறும் நாளை மனத்தில் வைத்து அந்தக் குப்பங்களுக்கு என்ன ஏற்பாடு செய்து வைத்திருந்தோம்? இழுப்பது நகரத்துக்காக. கயிற்றின் நேர்கோட்டில் நிற்க வைக்கப்பட்டவர்கள் குப்பத்து மக்கள்.

ஓட்டுநர்கள் மேல் பழி போடுவது எளிது. ட்விஸ்ட் லாக்கைப் போடாமல் ஓட்டுகிறார்கள், சரியாக மாட்டாமல் எடுக்கிறார்கள் என்போம். உண்மைதான், சிலர் செய்கிறார்கள். லாக் போட்டிருந்து பெட்டி சாய்ந்தால் வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும் என்று நம்பும் ஓட்டுநர்களும் உண்டு. ஆனால் அவர்களில் பலருக்குக் கூலி நடைக்கு இத்தனை என்றுதான். வரிசையில் கழியும் இரவுக்குக் காசு இல்லை. தூங்காத கண்ணோடு, கழிப்பறைகூட இல்லாத சாலையோரத்தில் காத்திருந்து, கேட் திறந்ததும் அவசர அவசரமாக எடுக்கும் மனிதரிடம், குனிந்து பார்க்க ஆகும் அந்தச் சில நிமிடங்களையும் நாம்தான் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம். முளை தேய்கிறது என்று சொன்னால் அடுத்த நடைக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்களோ என்ற பயத்திலும் சிலர் வாயைத் திறப்பதில்லை.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்களாக இல்லை. யார்டுகளில் ட்ரெய்லர் மாட்டும் இடத்தில் சமமான கான்கிரீட் தரையும் சட்டத்துக்கு அடியில் விழும் விளக்கும் வேண்டும். முளையையும் தாடையையும் அளக்கும் கருவி ஒவ்வொரு கேட்டிலும் இருக்க வேண்டும். தேய்ந்ததை மாற்றும் செலவு வண்டி முதலாளிக்கும் சரக்குக்காரருக்கும் உரியது. காத்திருக்கும் நேரத்துக்கு ஓட்டுநருக்குக் கூலி வேண்டும். எண்ணூர்க் குப்பங்களில் ஒவ்வொரு தெருவுக்கும் கேட்கும்படி சங்கு வேண்டும், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று குழந்தைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் சாலை மறிக்கப்படாமல் திறந்திருக்க வேண்டும், இரவு முழுவதும்.